வெள்ளக்காரர் மகன்

என் அப்பாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. ‘வெள்ளக்காரர்’. எழுத்துப் பிழை என்று எண்ணி ஆசிரியர் குழுவினர் திருத்திவிட வேண்டாம். வெள்ளைக்காரர் அல்லர், அப்பாவின் நிறத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெள்ளக்காரரேதான். வெள்ளம் வரும், வெள்ளம் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர்.

நாங்கள் கோத்தா திங்கியில் குடியிருந்தோம். பட்டணத்தை ஒட்டிய தாமான் ஒன்றில் ஒற்றை மாடி வரிசை வீடு. அப்பா செம்பனை ஆலை லாரி ஓட்டினார். வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் இடத்திற்குப் பக்கத்தில், இறுக்கமான மூடி போட்ட நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று நின்றது. அதில் பத்து கிலோ அரிசி, சாடின் டின்கள், கிரீம் பிஸ்கட், மெகி, மெழுகுவத்தி, நெகிழிப்பையில் சுற்றிய தீப்பெட்டி, பனடோல், கோடாலித் தைலம், இரண்டு கைலி, ஒரு கயிறு. இவை தவிர, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். வீட்டிலுள்ள அத்தனை பேரின் பிறப்புப் பத்திரங்களும் வீட்டுக் கடன் தாள்களும் அந்தப் பையில் இருந்தன. ஒரு சின்ன டார்ச் லைட்டும் இருந்தது. அந்த டார்ச் லைட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பீப்பாய் ஒரே நாளில் நிரம்பியதன்று. சம்பள நாளுக்கு ஒரு பொருள் என்று ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. அரிசியை மூன்று மாதத்திற்கு ஒருமுறை சமையலுக்கு எடுத்துவிட்டுப் புதியது போடுவார். பீப்பாயின் நெற்றியில் வெள்ளிக்கிழமைதோறும் விபூதி வேறு!

எங்கள் வரிசையில் இது பெரிய வேடிக்கையாக இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் அப்பாவைக் கண்டால், ‘நபி நூ, கப்பல் எப்போ புறப்படும்?’ என்று மலாயில் கேட்டுச் சிரிப்பார். அவர் கேலியில் அன்பு இருந்தது. நம்மவர் கேலி வேறு தினுசு. “அண்ணனுக்குக் கொஞ்சம் மண்டையில...” என்று சைகை செய்வார்கள். பள்ளியில் என் வகுப்புப் பையன்கள், “டேய், ஒங்கப்பா நீச்சல் கத்துக்கிட்டாராடா?” என்று கேட்பார்கள். பதிலுக்கு நானும் சிரிப்பேன். அப்பாவைப் பற்றி அவர்களைவிட மோசமாக நானே இரண்டு சொன்னால் கேலி சீக்கிரம் அடங்கிவிடும் என்று அந்த வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன்.

2006ஆம் ஆண்டு தீபாவளிக்கு அப்பா ஒரு காரியம் செய்தார். பலகாரத் தட்டோடு சேர்த்து வரிசையிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்தார். வாயை மடித்து அழுத்தினால் தண்ணீர் புகாது. “சூராட் எல்லாம் இதுல போட்டு ஒசரத்துல வைங்க” என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். அவமானத்தில் அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. எதிர்வீட்டு அக்கா பையை நன்றியோடு வாங்கி அதில் மிளகாய்த்தூளைக் கொட்டி வைத்துக்கொண்டார். ஈரம் படாதாம்!

அம்மாவுக்கோ வேறு கவலை. நல்ல நாளும் அதுவுமாக வெள்ளம், விபத்து என்று வாயால் சொல்லலாமா? நம் தலைக்கு மேலே தேவதைகள் சுற்றிக்கொண்டிருக்கிறார்களாம். நாம் எதைச் சொன்னாலும் ‘அப்படியே ஆகட்டும்’ என்று வரம் கொடுத்துவிடுவார்களாம். அம்மா மட்டுமல்லர், எங்கள் உறவினர் பலரும் இதே கட்சி. கெட்டதற்கு ஆயத்தம் செய்வது கெட்டதை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்து, அதற்கேற்ற சூழலை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாம். வருமுன் காவாதவன் வாழ்க்கையை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்ட வள்ளுவரையும் படித்தோம். ஆனால் தாமானில் ஒருவர் மெய்யாகவே அணை போட்டால் பட்டப்பெயர் வைக்கிறோம்.

இதில் ஒரு விந்தையை அப்போது நான் கவனிக்கவில்லை. அம்மாவின் அடுக்களையில் எந்நேரமும் ஒரு மாதத்திற்கான அரிசி இருந்தது. கருவாடு, கத்தரி வற்றல், மோர் மிளகாய், ஊறுகாய் எல்லாம் மழைக்காலத்திற்கென்று காய்ந்தும் ஊறியும் இருந்தன. அரிசி டின்னுக்குள் ஐம்பது வெள்ளி ஒளிந்திருந்தது. அதைச் சமர்த்து என்றார்கள். அதே அரிசியும் டின்னும் ஓர் ஆண்பிள்ளையின் பீப்பாய்க்குள் போனதும் பைத்தியமாகிவிட்டது. நம் மக்கள் ஆயத்தம் அறியாதவர்கள் அல்லர். பெண் பிறந்த வருடமே நகைச்சீட்டுக் கட்டுகிறவர்கள். சாவுக்குக்கூடச் சங்கத்தில் மாதச் சந்தா செலுத்துகிறவர்கள். கல்யாணமும் கருமாதியும் எப்படியும் வரும் என்பதால் அவற்றுக்கு ஆயத்தம் செய்ய யாரும் கூச்சப்படுவதில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்னும் ஒன்றுக்காகப் பணம் செலவழித்தால்தான் சிரிப்பு வருகிறது.

அப்பாவுக்கு வெள்ளத்தைவிடத் தாள்கள்மேல்தான் பயம் அதிகம். அதற்குக் காரணம் என் தாத்தா. சிறு பையனாகப் பெற்றோருடன் இந்த மண்ணுக்கு வந்தவர் அவர். தோட்டத்து லயத்தில் ஒரு மழைக்காலம் கூரை ஒழுகி, டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய தாள்கள் எல்லாம் கூழாகிவிட்டன. நாடு 1957இல் சுதந்திரம் பெற்றபின் குடியுரிமைக்கு எழுதிப் போட்டவர்களோடு அவரும் போனார். காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அலைந்தார், பிறகு விட்டுவிட்டார். சிவப்பு அடையாளக் கார்டுதான் மிச்சம். 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969 மே கலவரத்திற்குப் பிறகு கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டியதாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். தாத்தாவுடன் ஒரே நிரையில் பால் வெட்டியவர்கள் ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினம் போனார்கள். தாத்தா எப்படியோ இங்கேயே தங்கிவிட்டார். சாகும்போதும் அவர் கையில் இருந்தது சிவப்புக் கார்டுதான். ஒழுகிய கூரையின் கீழ் ஒரு தகர டின் வைக்காத குற்றத்திற்கு ஓர் ஆயுள் முழுவதும் தண்டனை! அப்பா இதையெல்லாம் கதையாக ஒருநாளும் சொன்னதில்லை. பையை ஆணியில் மாட்டுவதோடு சரி.

2006 டிசம்பர் மூன்றாம் வாரம். பள்ளி விடுமுறை. ஜொகூர் முழுவதும் விடாத மழை. சிகாமட், குளுவாங் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். ஜொகூர் ஆறு எங்கள் ஊரின் ஓரமாகத்தான் ஓடுகிறது. மேலே பெய்கிற மழை ஒரு பக்கம், கீழே கடல் பெருக்கு ஒரு பக்கம். பெருக்கு நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வடிய வழியின்றித் திரும்பி ஊருக்குள் வரும். அப்பா சாலையோரக் கால்வாயின் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டு மணிக்கொரு தடவை பார்த்தார். மாலையில் ஒரு கோடு மறைந்தது. இருட்டும்போது இரண்டாவது கோடும் மறைந்தது. அதற்குமேல் பார்ப்பதற்குக் கால்வாயே இல்லை.

மின்சாரம் போய்விட்டது. அப்பாவின் பெரிய டார்ச் லைட் ஆலையில் நின்ற லாரிக்குள் இருந்தது. “பைய எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். உள்ளிருந்த சின்ன டார்ச் லைட்டை எடுத்து அழுத்தினார். எரியவில்லை. மறுபடியும் அழுத்தினார். திருகித் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

அதிலிருந்த இரண்டு பேட்டரிகள் என் தமியா காரில் இருந்தன. பத்து நாளைக்கு முன் பந்தயத்திற்காகக் கழற்றியது. யார் கேட்கப் போகிறார்கள், வெள்ளமா வரப் போகிறது?

அப்பா டார்ச் லைட்டைப் பைக்குள்ளேயே போட்டார். எதுவும் சொல்லவில்லை. அம்மாவையும் தங்கையையும் என்னையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடச் சாலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். எதிர்வீட்டு அக்காவின் மாமியாருக்கு நடக்க முடியாது. அக்காவின் கணவருக்கு அன்று சிங்கப்பூரில் இரவு வேலை. கிழவியை முதுகில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வரும்போது, மூடி நகர்ந்திருந்த கால்வாய்க்குள் அப்பாவின் இடது கால் இறங்கிவிட்டது. உள்ளே கிடந்த தகரம் கணுக்காலுக்கு மேலே ஆழமாகக் கிழித்தது. கிழவியை விடவில்லை. வெளிச்சம் இருந்திருந்தால் அந்தக் கால்வாய் வாய் தெரிந்திருக்கும். தெரியாமலும் போயிருக்கலாம். கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் எவ்வளவு தூரம் இறங்கும் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே வாதாடிப் பார்த்துவிட்டேன்.

துயர் துடைப்பு மையமாக மாறிய பள்ளி மண்டபத்தில் அழுக்குத் தண்ணீர் பட்ட அந்தக் காயம் வீங்கிப் பழுத்தது. பிறகு தையல், ஊசி, மூன்று வார ஓய்வு. அன்றிலிருந்து அப்பா இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார்.

அந்த மண்டபத்தில்தான் எதிர்வீட்டு அக்கா தம் மிளகாய்த்தூள் கதையைச் சொன்னார். தண்ணீர் வடிந்தபின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த பத்திரங்கள் எல்லாம் ஒரே சேற்று உருண்டை. மகன் ஜனவரியில் முதலாம் படிவம் சேர வேண்டும். அவனுடைய பிறப்புப் பத்திரமும் அந்த உருண்டைக்குள்தான். “ஆனா மொளகாத்தூளு மட்டும் அப்படியே பவுடரா இருக்குண்ணே!” என்று சிரித்தவர், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினார். மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. அப்பாதான், “அவங்ககிட்ட நகல் இருக்கும்மா, நம்மகிட்டதான் இல்ல. நானும் கூட வர்றேன்” என்றார். கட்டுப்போட்ட காலோடு பதிவிலாகா வரிசையில் போய் நின்றார். இந்தக் காலத்தில் நகல் கிடைத்துவிடுகிறது, தாத்தாவின் காலமில்லை.

பீப்பாயைப் பற்றிச் சொல்லவில்லையே! அது மிதந்து பின்கட்டுக் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. அரிசியில் ஒரு சொட்டு ஈரமில்லை. வீடு கழுவ வந்த நாட்களில் எங்கள் வரிசையில் ஆறு குடும்பங்கள் அந்த அரிசியைத்தான் பொங்கிச் சாப்பிட்டன. கணக்குப்படி நான்கு பேருக்கு இரண்டு வாரம். இரண்டே நாளில் தீர்ந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்பாவுக்கும் இருந்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை.

‘நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம், வந்துட்டுப் போயிருச்சு’ என்று எல்லோரும் வீட்டுக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜனவரி 11, 12 வாக்கில் மறுபடியும் வந்தது, கோத்தா திங்கியில் முதல் தடவையைவிட உயரமாக. அம்முறை ஜொகூர் மாநிலத்தில் வீட்டை விட்டு வெளியேறியவர்கள் இலட்சத்தைத் தாண்டினார்கள். ஆனால் எங்கள் வரிசையில் அந்தத் தடவை ஒரு தாள்கூட நனையவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் எல்லோரும் அப்பாவிடம் வந்து என்ன வாங்குவது, எங்கே வைப்பது என்று கேட்டுப் போயிருந்தார்கள். ‘வெள்ளக்காரர்’ சில மாதங்களுக்கு ‘அண்ணன்’ ஆனார்.

சில மாதங்களுக்குத்தான். அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாமல் இருக்கிறது. ‘அந்தாளு வாய் வெச்சதுதான், ரெண்டு தடவ வந்திருச்சு’ என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். வராதபோது கோமாளி, வந்தபோது கருநாக்குக்காரர். இரண்டு மூன்று வருடத்தில் பக்கத்து வீடுகளின் பீப்பாய்கள் மழைத்தண்ணீர் பிடிக்கவும் செடி வைக்கவும் போய்விட்டன. பட்டப்பெயர் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

வெளியுலகிலும் இதே கதைதான் என்று பிற்பாடு தெரிந்தது. 2012இல் நேஷனல் ஜியோகிராபிக் அலைவரிசையில் அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று வந்தது; உலக அழிவுக்கு ஆயத்தமாகிறவர்களைப் பற்றியது. நிலவறை, துப்பாக்கி, வருடக் கணக்கில் கெடாத சாப்பாடு. பல்கலைக்கழக விடுதியில் நண்பர்களோடு பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். என் கட்டிலுக்கு அடியிலும் ஒரு பை இருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டுச் சிரித்தேன். அத்தகைய நிகழ்ச்சிகள் செய்த கெடுதல் ஒன்று உண்டு. ஆயத்தம் என்றாலே அண்டை வீட்டானுக்கு எதிராகத் துப்பாக்கி பிடிப்பது என்று ஒரு படம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் சுவீடன் அரசாங்கம் 2018இல் ஏறத்தாழ 48 இலட்சம் வீடுகளுக்கு, நெருக்கடி வந்தால் உணவு, தண்ணீர், வெதுவெதுப்பு, தகவல் ஆகியவற்றுக்கு என்ன செய்வது என்று கையேடு அனுப்பியது. 2024இல் புதுப்பித்து மறுபடியும் அனுப்பியது. பாலத்திற்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை வீட்டுக்கொரு அவசரப் பையை ஆயத்தமாக வைக்கச் சொல்கிறது. டார்ச் லைட், பேட்டரி, மருந்து, முக்கியத் தாள்களின் நகல் என்று பட்டியல் தருகிறது. படித்தபோது, இது கதவுக்குப் பின்னால் தொங்கிய பைதானே என்று தோன்றியது. அரசாங்க முத்திரையோடு சொன்னால் குடிமைப் பண்பு. லாரி ஓட்டுநர் சொன்னால் மண்டைக் கோளாறு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆயத்தம் செய்யாதவர்களைச் சோம்பேறிகள் என்பதும் அநியாயம். எங்கள் வரிசையிலேயே, மளிகைக் கடையில் பற்று எழுதி இரண்டிரண்டு கிலோவாக அரிசி வாங்கிய வீடுகள் இருந்தன. இன்றைக்கே இல்லாதவர்கள் நாளைக்கு எதைப் பீப்பாயில் போடுவது? அப்பாவுக்கு நிரந்தர வேலை இருந்தது. அந்த இரண்டு வருடப் பொறுமைக்குப் பின்னால் அதுவும் உண்டு. அதனால்தானோ என்னவோ, அரிசியைப் பங்கிட்டபோது அவர் யாருக்கும் பாடம் நடத்தவில்லை.

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18ஆம் தேதி தொடக்கம். அப்போது நான் ஸ்கூடாயில் வேலையில் இருந்தேன். மறுநாள் பேரங்காடியில் தள்ளுவண்டிகள் மோதிக்கொண்டன. ஒருவர் முட்டையை அடுக்கு அடுக்காக அள்ளினார். புலனத்தில் அவர்களையெல்லாம் பதுக்கல்காரர்கள் என்று வசைபாடினார்கள். நான் கடைக்குப் போகவில்லை. போகத் தேவை இருக்கவில்லை. மெல்ல மெல்ல முன்கூட்டி வாங்கியவனால் அன்று யாருக்கும் ஓர் அடுக்கு முட்டைகூடக் குறையவில்லை. ஆனால் அலுவலகத்தில் என் அலமாரியைப் பார்த்துச் சிரித்த அதே நண்பர்தான் அந்த வாரம் முகக்கவரி இருக்கிறதா என்று கூப்பிட்டார். இருந்தது. ஒரு பெட்டி கொடுத்தேன். அப்பாவைப்போல் மௌனமாகக் கொடுக்க எனக்கு வரவில்லை. ஒரு வார்த்தை குத்திவிட்டுத்தான் கொடுத்தேன்.

2023 மார்ச் மாதம் ஜொகூரில் மீண்டும் பெருவெள்ளம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். பத்து பகாட், யோங் பெங் பக்கம் தண்ணீர் வாரக் கணக்கில் வடியாமல் நின்றது. இப்போதெல்லாம் வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டி எச்சரிக்கிறது. ஆற்றின் மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் அகப்பக்கத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். சாக்கட்டிக் கோடு தேவையில்லை. யோங் பெங்கிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிய உறவுக்காரர் வீட்டில் ஒரு பிறப்புப் பத்திரம்கூட மிஞ்சவில்லை. எச்சரிக்கை வந்ததா என்று கேட்டேன். “வந்துச்சுப்பா. போன்ல செவப்பாதான் காட்டுச்சு” என்றார். அப்புறம்? “ஒரே ஆளா அதெல்லாம் தூக்கி வெச்சா பாக்குறவங்க என்னா நெனப்பாங்க?”

எனக்குக் கோபம் வரவில்லை. தீபாவளியன்று அறைக்குள் ஒளிந்துகொண்ட பையன்தான் நினைவுக்கு வந்தான்.

பேட்டரியைப் பற்றி அப்பாவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தமியா கார் அந்த வெள்ளத்தில் எங்கேயோ போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். எவ்வளவு கூப்பிட்டும் ஸ்கூடாய்க்கு வர மறுக்கிறார்கள். அப்பாவுக்குத் தொலைபேசியில் அதிகம் பேச வராது. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் மழை பிடிக்கத் தொடங்கியதும் ஒருமுறை அவராகவே அழைப்பார். பேரப்பிள்ளை எப்படி, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் கேட்பார்.

“பேட்டரி பாத்தியாப்பா?”

“பாத்துட்டேன்ப்பா.”

“ம். சரி” என்று வைத்துவிடுவார்.